பரவாயில்லைங்க சம்பந்தி

சேசு மரி சூசை துணை

மேலப்புதூர், திருச்சி
9.6.85

அன்புத் தம்பி அடைக்கலராஜுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீ, சகாயம், பேட்ரிசியா மூணு பேரும் நலமா? பிலாய்ல வெயில் தணிஞ்சுதா? இங்கே காவிரியில மணல்தான் ஓடுது.

நம்ம பிள்ளை பேட்ரிசியா நிச்சயம் முடிஞ்சு நீங்க ரயிலேறினதுலேருந்து வீடு வெறிச்சுன்னு கிடக்கு. அதைத் தீர்க்கிற மாதிரி போன வியாழக்கிழமை சம்பந்தி டாக்டர் அமிர்தராஜ் வீட்டுக்கே வந்துட்டாரு. நிச்சயத்தன்னைக்குப் பந்தியில நான் முறுக்கைத் தொடாம இலை ஓரமா ஒதுக்கி வெச்சதைப் பார்த்திருக்காரு. பல் டாக்டருக்குக் கண்ணு வேற எங்கே போகும்? "ஏன் சம்பந்தியம்மா, கீழ்வரிசை இடப்பக்கம் மூணு பல் இல்லையா?"ன்னாரு. இருக்குதுங்க, டப்பாவுக்குள்ள இருக்குதுன்னேன்.

அந்தக் கழட்டி மாட்டுற பல்செட் கதை உனக்குத் தெரியாது. போன மார்ச்சுல ஒன்பதாம் வகுப்புல 'பிரம்மபுத்திரா'ன்னு அழுத்திச் சொன்னேன், அது போய் முதல் பெஞ்சுல விழுந்துச்சு. பிள்ளைங்க ஒண்ணு கூட சிரிக்கலை. சிரிச்சிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன். பாவம் பார்த்துச்சுங்க பாரு, அதான் தாங்கலை. அன்னைக்கே டப்பாவுல போட்டு மூடிட்டேன்.

சம்பந்தி வெளிநாட்டுல மூணு வாரம் தங்கி ஒரு புது வைத்தியம் கத்துக்கிட்டு வந்திருக்காராம். தாடை எலும்பைக் கீறி, மெல்லிசா ஒரு உலோகத் தகட்டை உள்ளே இறக்கி, அது மேல பல்லை நிலையாக் கட்டிடுவாராம். கழட்டவே வேண்டாமாம். "நம்ம வீட்டு மனுஷி, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்"ங்கிறாரு.

எனக்கு மனசு ஒப்பலை. தட்டி இறக்குறதுக்கு நான் என்ன சுவரா? நாப்பத்தேழு வயசாச்சு, மிச்சக் காலத்தை ஒரு பக்கமா மென்னே ஓட்டிருவேன். ஆனா மாப்பிள்ளையோட அப்பா வீடு தேடி வந்து கேட்கிறாரு. எப்படி வேண்டாம்னு சொல்ல? நீ யோசிச்சு எழுது.

உன் அக்கா,
லூர்துராணி

*

பிலாய்
20.6.85

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

டாக்டர் அமிர்தராஜ் என்னிடமும் இதைப் பற்றிப் பேசினார். நீங்கள் தயங்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் இந்தச் சிகிச்சையை நிறையப் பேருக்கு, நிறையப் பேருக்குச் செய்திருக்கிறார். வலியே தெரியாது என்கிறார். அவரே முன்வந்து சொல்லும்போது நாம் மறுத்தால், அவருடைய கைராசியில் நமக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு நம் பிள்ளை வாழப்போகும் வீடு.

பேட்ரிசியா பி.எட். சேர்ந்துவிட்டாள். சகாயம் தங்களுக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்புத் தம்பி,
அடைக்கலராஜ்

*

மேலப்புதூர்
21.7.85

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். அங்கு நலமா?

உன் பேச்சைக் கேட்டுப் போய் உட்கார்ந்துட்டேன். பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் ரெங்கநாயகி, ஸ்ரீரங்கத்துக்காரி, அரை நாள் லீவு போட்டுத் துணைக்கு வந்தா. மரத்துப்போக ஊசி போட்டாங்க. அப்புறம் தகட்டை வெச்சு ஒரு சின்னச் சுத்தியலால தட்டினாரு பாரு, என் மண்டைக்குள்ள கோயில் மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. அஞ்சாவது தட்டுல காதுலேருந்து நாடி வரைக்கும் ஒரு மின்னல் ஓடுச்சு. ஊசியையும் மீறி. அம்மாடின்னு கத்தணும், வாய்க்குள்ள அவர் கை இருக்கு.

ஒன்பது நாளாச்சு. கீழுதட்டுல இடப்பாதியைக் காணோம். காபி குடிச்சா நாடி வழியா ஒழுகுறது எனக்குத் தெரியறதில்லை, ரெங்கநாயகி கைக்குட்டையை நீட்டினாத்தான் தெரியுது. சரி, மரத்துப்போனா வலிக்கக் கூடாதில்லையா? இது மரத்தும் போகுது, எரியவும் எரியுது. பச்சை மிளகாயை அரைச்சு எலும்புக்குள்ள வெச்ச மாதிரி.

ரெண்டு தடவை காட்டப் போனேன். "எப்படி இருக்கு சம்பந்தியம்மா?"ன்னாரு. "பரவாயில்லைங்க சம்பந்தி"ன்னேன். அவர் வீட்டம்மா பக்கத்துல ஹார்லிக்ஸ் டம்ளரோட நிக்கிறாங்க, மாப்பிள்ளை கிளமென்ட் பேங்க்லேருந்து வந்து "நல்லாயிருக்கீங்களா அத்தை"ங்கிறாரு. வேற என்னத்தைச் சொல்ல? அவரும் ஒரு அட்டையில என்னமோ எழுதிக்கிட்டாரு. வெளியே வந்து ரெங்கநாயகி என்னைத் திட்டின திட்டு ரோடு பூரா கேட்டுச்சு.

உன் அக்கா,
லூர்துராணி

*

பிலாய்
6.8.85

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் கடிதம் கண்டேன். எலும்பு கூடும்வரை கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள். சகாயம் ஆரோக்கிய மாதாவுக்கு நவநாள் ஆரம்பித்திருக்கிறாள்.

கல்யாணத்தை அடுத்த ஆண்டு மே 5, திங்கட்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். திருச்சியில்தான். டாக்டரிடம் வலியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். தானாகச் சரியாகிவிடும், தானாகச் சரியாகிவிடும்.

தங்கள் அன்புத் தம்பி,
அடைக்கலராஜ்

*

மேலப்புதூர்
29.9.85

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலமில்லை. அங்கு நலமா?

முதல் வரியைப் பார்த்துப் பதறாதே. முப்பது வருஷமா 'இங்கு நலம், இங்கு நலம்'னு எழுதிக் கை பழகிப்போச்சு. மஞ்சள் காமாலையில படுத்திருந்தப்பக் கூட உனக்கு அப்படித்தான் எழுதினேன். இன்னைக்கு எழுத வரலை. பொய்யா எழுத வலி இடம் கொடுக்க மாட்டேங்குது.

பதினோரு வாரமாச்சு. ஃபேன் காத்துப் பட்டா தாடையில ஷாக் அடிக்குது. பஸ்ல டிரைவர் பக்கத்து ஜன்னலா பார்த்துத்தான் உட்கார்றேன், இல்லேன்னா இடது பக்கம் காத்து அறையும். முகம் கழுவ வெந்நீர். சாப்பாடு குழைஞ்ச ரசஞ்சோறு. ப, ம, வ மூணும் உதட்டுல நிக்காம வழுக்குது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் தன்மையாத்தான் கேட்டாங்க, "கொஞ்ச நாள் லைப்ரரியைப் பார்த்துக்குங்களேன் மிஸ்"னு. மாட்டேன் சிஸ்டர்னேன். பருவக்காற்றைச் சொல்லிக் கொடுக்க நாக்கும் போர்டும் போதும், உதடு கால்வாசி வேலைதான் பார்க்குது.

ஒப்புக்கொடுன்னு எழுதியிருந்தே. கொடுத்தேன்டா. மூணு வாரம் தினம் பூசையில முழங்கால்ல நின்னு கொடுத்தேன். அவர் வாங்கிக்கலை, அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. ரெங்கநாயகிகிட்ட சொன்னா, "எங்க பெருமாளே காலை நீட்டிப் படுத்துண்டுதான் இருக்கார், நீ எதுக்குடி முட்டி போட்டுண்டு வலியைத் தாங்கணும்? போய் அதைப் பிடுங்கிப் போடச் சொல்லு"ங்கிறா.

நியாயமாத்தான் பட்டுச்சு. நேத்து போனேன். ஏழாவது தடவை. "சம்பந்தி, இதை எடுத்துருங்க, முடியலை"ன்னேன். அவர் சிரிச்சாரு. மேஜையிலேருந்து என் அட்டையை எடுத்துக் காட்டினாரு. ஆறு தேதி, ஆறு வரி. ஆறுலயும் இங்கிலீஷ்ல 'வலி இல்லை'. "நீங்களே சொன்னதுதானே சம்பந்தியம்மா? இப்பத் திடீர்னு என்ன? மனசுல ஏதாவது கவலையா? கல்யாண வீடு, அப்படித்தான் இருக்கும்"னு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாரு.

எனக்கு வந்த கோபம் அவர் மேல பாதி, என் மேல பாதி. ஆறு தடவை 'பரவாயில்லைங்க சம்பந்தி'ன்னு சொன்ன வாயி இதுதானே? மரியாதைன்னு நினைச்சு நானே எனக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வரைபட நோட்டை எடுத்தேன். என் தாடையைப் படம் வரைஞ்சு, மழைப் பரவல் படத்துக்குத் தீட்டுவோமே, அந்த மாதிரி வலிக்கு நிறம் தீட்டினேன். அதிகம் கருநீலம், மிதம் வெளிர்நீலம், மரத்த இடம் வெறுமை. தினமும் தேதி போட்டு எழுதப் போறேன். இனிமே என் வலிக்கும் ஒரு அட்டை இருக்கும்.

உனக்கு நான் கேட்கிறது ஒண்ணுதான். நீ ஒரு வரி அவருக்கு எழுது. 'அக்கா பொய் சொல்ற ஆள் இல்லை'ன்னு.

உன் அக்கா,
லூர்துராணி

*

பிலாய்
20.10.85

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மனது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அவர் தன் கையால் வைத்ததை எடுக்கச் சொல்வது, அவர் முகத்தில் அடிப்பது போல. ஊரில் பேர் உள்ள மனிதர். இதனால் கல்யாணத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால், பேட்ரிசியாவை யார் கட்டுவார்கள்? ஒரு தடவை நின்ற கல்யாணம் என்றால் நம் சனத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று தங்களுக்குத் தெரியும்.

மே மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு எடுத்துவிடலாம். என் பிள்ளைக்காக.

தங்கள் அன்புத் தம்பி,
அடைக்கலராஜ்

*

மேலப்புதூர்
12.1.86

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலமில்லை, ஆனா உயிரோட இருக்கேன். அங்கு என்னன்னு நீ எழுதினாத்தானே தெரியும்?

நவம்பர்ல ஒண்ணு, கிறிஸ்மஸுக்கு ஒண்ணு எழுதினேன். பதில் இல்லை. பதிலுக்குச் சகாயத்துக்கிட்டேருந்து ஒரு பார்சல். பிரிச்சா வெள்ளியில ஒரு தாடை! வேளாங்கண்ணியில மாதாவுக்குக் காணிக்கையாப் போடணுமாம், வலி போயிருமாம். சகாயத்தோட நல்ல மனசுக்கு நன்றி சொல்லு. சமயபுரத்துக்கு எங்க ஸ்கூல் ஆயா பவுனம்மாள் கண்ணு உருவம் வாங்கிட்டுப் போறா, நம்ம ஆளுங்க வேளாங்கண்ணிக்குத் தாடை. நான் குறை சொல்லலை. ஆனா என் வாய்க்குள்ள ஏற்கெனவே ஒரு உலோகம் இருக்கு. முதல்ல அது வெளியே வரட்டும், மாதாவுக்கு எது வேணும்னு அப்புறம் கேட்டுக்கிறேன்.

மே வரைக்கும் பொறுத்துக்கோன்னு எழுதினே. பொறுத்துத்தான் பார்த்தேன். கிராம்புத் தைலம், மாத்திரை, நவச்சாரம் மாதிரி நாறுற ஒரு லேகியம், எல்லாம் ஆச்சு. கிறிஸ்மஸ் பூசையில வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிடலை. இருபது வருஷமா நான் வாசிக்கிறது. பங்குச் சாமியார் "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்"னாரு. என் சிரமத்தை எல்லாரும் சேர்ந்து எனக்கு இல்லாம பண்ணுறாங்க, வலியை மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க.

இப்பப் புதுச் செய்தி கேளு. பிப்ரவரி ரெண்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை, இங்கே ஜில்லா பல் டாக்டர்கள் கூட்டம். கண்டோன்மென்ட்ல ஒரு ஓட்டல் ஹால்ல. சம்பந்தி இந்தப் புது வைத்தியத்தைப் பத்திப் படம் போட்டுப் பேசப் போறாரு. யார் வாயைப் படம் போடப் போறாரு? என் வாயை! நேரா வந்து, "நீங்களும் வந்து முன் வரிசையில உட்காரணும், எல்லாருக்கும் வாயைத் திறந்து காட்டணும்"னு கூப்பிட்டாரு. ஒரு நிமிஷம் யோசிச்சேன். "தாராளமா வர்றேங்க"ன்னேன்.

அதுக்குள்ள நீ ஒரு வரி எழுதினா அந்தக் கூட்டத்துக்கு நான் போக வேண்டி வராது. அவரே தனியா எடுத்துடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம். எழுதுறதும் எழுதாததும் உன் இஷ்டம்.

உன் அக்கா,
லூர்துராணி

*

மேலப்புதூர்
3.2.86

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வரலை. நான் போனேன்.

மத்தவங்க சொல்லி நீ கேள்விப்படுறதுக்கு முந்தி நானே எழுதிடறேன், ஒண்ணும் கூட்டாம குறைக்காம.

நாப்பது டாக்டருங்க இருப்பாங்க. முன் வரிசையில நான், பக்கத்துல ரெங்கநாயகி, அவ மடியில சுருட்டின காகிதம். ஹாலை இருட்டாக்கி வெள்ளைத் திரையில என் வாயைக் காட்டினாரு. நாலாள் உசரத்துக்கு என் தாடை! ரெங்கநாயகி "ராமா"ன்னு கண்ணை மூடிக்கிட்டா. அவர் இங்கிலீஷ்ல பேசினாரு, நல்லாத்தான் பேசினாரு. ஏழு மாசம், எலும்பு பிடிச்சிருச்சு, வலி சுத்தமா இல்லைன்னாரு. விளக்கைப் போட்டதும் என் பக்கம் திரும்பித் தமிழ்ல, "நீங்களே சொல்லுங்க சம்பந்தியம்மா. எப்படி இருக்கு?"ன்னு சிரிச்சாரு.

சொன்னா நம்ப மாட்டே, 'பர'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பழக்க தோஷம். முழுங்கிட்டு எழுந்திரிச்சேன்.

"வலிக்குதுங்க. ஜூலை பன்னிரண்டுலேருந்து வலிக்குது"ன்னேன்.

நோட்டுலேருந்து நான் பெரிசா வரைஞ்சு வெச்சிருந்த வலிப் படத்தை ரெங்கநாயகி விரிச்சு எதிர்ப்பக்கம் போர்டுல மாட்டிட்டா. ஸ்கூல்ல வேற வேலை என்ன, படம் மாட்டுறதுதானே? நான் பென்சிலை எடுத்துக்கிட்டுப் பாடம் நடத்துற மாதிரியே ஆரம்பிச்சேன். "இது கீழ்த்தாடை. கருநீலம் அதிக வலி. இங்கேருந்து ஆரம்பிச்சு இப்படி நாடிக்கு இறங்குது. இந்த வெறுமையான இடத்துல தொட்டாத் தெரியாது, ஆனா எரியும். காத்துப் பட்டா இதோ, இந்தக் கோடு வழியா ஷாக் அடிக்கும்." பின்னாடி யாரோ ரெண்டு சின்னப் பையங்க, புது டாக்டருங்க போல, சிரிச்சாங்க. "சிரிக்காதீங்க, பரீட்சையில வரும்"னேன். அடங்கிட்டாங்க. ப, ம, வ வழுக்குச்சு. எச்சில் வழிஞ்சுது. துடைச்சுக்கிட்டுச் சொன்னேன்.

மூணாவது வரிசையிலேருந்து ஒரு வயசானவர் எழுந்தாரு. பேர் திருவேங்கடம், ரயில்வேயில பல் டாக்டரா இருந்து ரிடையராகி இப்ப ஸ்ரீரங்கத்துல பார்க்கிறாராம். கிட்டத்துல வந்து, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, ஒரு பஞ்சால என் உதட்டைத் தொட்டு, தெரியுதா, தெரியுதான்னு கேட்டாரு. அப்புறம் சம்பந்தியைப் பார்த்து, "தகடு நரம்பை அழுத்திண்டிருக்கு. இந்தம்மா போட்டிருக்கிற கோடு நரம்பு போற வழியேதான்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

சம்பந்தி முகம் வெளுத்துப் போச்சு. மெதுவா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீங்க இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னாரு.

"நிஜம்தாங்க. ஆறு தடவை நான் சொல்லலை. ஏழாவது தடவை சொன்னேன், நீங்க கேட்கலை"ன்னேன்.

வெளியே வந்ததும் ரெங்கநாயகி சோடா வாங்கிக் கொடுத்தா. பாதி புடவையில ஊத்திக்கிட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை டாக்டர் திருவேங்கடம் இதை எடுக்கப் போறாரு. கல்யாணம் நின்னா நிக்கட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நிக்கக் கூடாது. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவ நான். ஆனா என் தாடையில கால் நட்டுத்தான் அந்தப் பந்தல் நிக்கணும்னா, அது எத்தனை நாளைக்கு நிக்கும்? திட்டணும்னா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

உன் அக்கா,
லூர்துராணி

*

பிலாய்
21.2.86

அன்புள்ள அத்தைக்கு,

பேட்ரிசியா எழுதுறேன். தகட்டை எடுத்தாச்சா? வலி எப்படி இருக்கு? பரவாயில்லைன்னு மட்டும் எழுதாதீங்க.

உங்க கடிதத்தை அப்பா ஒளிச்சு வெச்சிருந்தார். நான் தேடி எடுத்துப் படிச்சேன். எல்லாத்தையும், ஜூன்லேருந்து. எனக்கு யாருமே ஒண்ணும் சொல்லலை அத்தை. நான் இங்கே என்ன கலர் புடவைன்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். வெட்கமா இருக்கு.

அப்பா உங்களுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழிச்சுட்டார். சரியா சாப்பிடறதில்லை. உங்ககிட்ட சொல்லாத ஏதோ ஒண்ணு அவர் மனசுல இருக்கு. அதை அவரேதான் சொல்லணும்.

கிளமென்ட் எழுதியிருந்தார். அவர் அப்பா ரெண்டு நாள் கிளினிக்கையே திறக்கலையாம். அவர் அம்மா கல்யாணமே வேண்டாம்னு சொல்றாங்களாம். இவருக்கு என்ன செய்யறதுன்னு தெரியலையாம். நான் பதில் எழுதினேன், அத்தை. "நாளைக்கு உங்க வீட்டுல எனக்கு ஏதாவது வலிச்சா, நானும் ஏழு மாசம் பரவாயில்லைன்னு சொல்லணுமா? இதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்"னு. அம்மா அழறாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா எழுதினதைத் திருப்பி வாங்க மாட்டேன்.

உங்க
பேட்ரிசியா

*

பிலாய்
9.3.86

அக்கா,

என்ன எழுதுறதுன்னு தெரியலை. நேரா சொல்லிடறேன். டாக்டர் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் அதைச் செஞ்சதில்லை. நீதான் முதல் ஆளு.

நிச்சயம் முடிஞ்ச அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. "முதல்ல நம்ம ஆளுக்குச் செய்யணும்னு ஆசைப்படறேன். வெளி ஆளுன்னா தயங்குவாங்க. நிறையப் பேருக்குச் செஞ்சிருக்கேன்னு அக்காகிட்ட நீங்க சொல்லிடுங்க, பயப்பட மாட்டாங்க"ன்னு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலை. எனக்குத்தான் அந்த நேரத்துல நாக்கு எழும்பலை. மாப்பிள்ளை வீடு, பெரிய மனுஷன். தலையாட்டிட்டேன்.

நீ 'அவருக்கு ஒரு வரி எழுது'ன்னு கேட்டப்ப எழுதியிருக்கணும். எழுத உட்கார்ந்தா, நான் சொன்ன பொய்யைத்தான் முதல் வரியா எழுத வேண்டி வந்துச்சு. அதான் எழுதலை. ஜனவரியிலயும் எழுதலை.

எனக்கு எட்டு வயசு இருக்கும், கால்ல முள் ஏறிச்சு, நீ திட்டுவேன்னு உங்கிட்ட சொல்லலை. நான் நடக்கிற நடையைப் பார்த்து நீயா கண்டுபிடிச்சே. நீ உன் வலியைத் தேதி போட்டு எழுதியே அனுப்பினே. நான் படிச்சுட்டு மடிச்சு வெச்சேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும் உன் முகத்துல எப்படி முழிப்பேன்?

அடைக்கலம்

*

மேலப்புதூர்
23.3.86, குருத்து ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

இங்கே வலி பாதி இருக்கு. மீதி நலம்.

நான்தான் முதல் ஆளுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீ பொய் சொல்றப்ப ஒரே வார்த்தையை ரெண்டு தடவை சொல்லுவே, சின்ன வயசுலேருந்து. 'பலகாரத்தை நான் எடுக்கலை, நான் எடுக்கலை.' 'நிறையப் பேருக்கு, நிறையப் பேருக்கு'ன்னு படிச்சப்பவே சிரிச்சுக்கிட்டேன். தெரிஞ்சும் போய் உட்கார்ந்தேன் பாரு, அந்தப் பாதி என் தலையில. எனக்கு ஆறலை, கொஞ்ச நாள் ஆகும். அதுக்காக நீ சாப்பிடாம கிடக்காதே. பட்டினி கிடந்தா என் தாடைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஸ்ரீரங்கத்துல எடுத்தாச்சு. நாப்பது நிமிஷம். தகட்டை என் பென்சில் டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். ஷாக் அடிக்கிறது நின்னுடுச்சு. எரிச்சல் பாதியாக் குறைஞ்சிருக்கு. உதடு இன்னும் வரலை, வராமலே போகலாம்னு டாக்டர் திருவேங்கடம் ஒளிக்காம சொல்லிட்டாரு. அவர்கிட்ட அதான் எனக்குப் பிடிச்சுது. ஒண்ணாம் நம்பர் பஸ்ல இப்ப எந்தப் பக்கத்து ஜன்னல் கிடைச்சாலும் உட்கார்றேன். காவிரிப் பாலத்துல காத்து முகத்துல அடிக்குது. அடிக்கட்டும்.

இன்னைக்குப் பூசை முடிஞ்சு குருத்தோலையோட வர்றேன், வாசல்ல ஸ்கூட்டர். கிளமென்ட். பின்னாடி அவர் அப்பா. கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன். உள்ளே வாங்கன்னேன், ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருக்காங்க. கிளமென்ட்தான் சொன்னாரு, "பேட்ரிசியா ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கு அத்தை. ராத்திரி பகலா யோசிச்சும் எனக்குப் பதில் எழுதத் தெரியலை. அதான் அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு இன்னும் கோபம்தான். நான் பேசிக்கிறேன்"னு.

பிள்ளைகிட்ட சொல்லு, அவ கேட்ட கேள்விக்கு ஸ்கூட்டர்ல பதில் வந்துருச்சுன்னு. அப்படியே இன்னொண்ணும் சொல்லு. கல்யாணப் பூசையில முதல் வாசகம் நான்தான் வாசிப்பேன். எச்சில் வழிஞ்சா துடைச்சுக்கிட்டு வாசிப்பேன். சிரமம் வேண்டாம்னு எந்தச் சாமியாராவது சொன்னா அவரை எங்கிட்ட அனுப்பு.

சம்பந்தி அந்தத் தகட்டைப் பார்க்கணும்னாரு. காட்டினேன். எடுத்துக்கிட்டுப் போகட்டுமான்னாரு. "கொடுக்க மாட்டேன். அடுத்த ஆளுக்கு வெக்கிறதா இருந்தா, அதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து இதைப் பார்த்துட்டுப் போங்க"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கிளமென்ட் குருத்தோலையைப் பிச்சுப் பிச்சுச் சிலுவை பண்ணிக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் சட்டைப் பையிலேருந்து என் பழைய அட்டையை எடுத்தாரு. அந்த ஆறு வரியையும் நான் பார்க்கப் பார்க்க ஒவ்வொண்ணா அடிச்சாரு. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு, "எப்படி இருக்கு சம்பந்தியம்மா?"ன்னாரு.

"வலிக்குதுங்க சம்பந்தி"ன்னேன்.

"எங்கே?"ன்னு கேட்டுட்டுப் பேனாவைத் திறந்தாரு. நான் உள்ளே போய்ப் படத்தை எடுத்துட்டு வந்தேன்.

உன் அக்கா,
லூர்துராணி